கள்ளும் கேண்மையும்: சங்கச் செய்யுளைப் புத்தளக் கரையினின்று நோக்கல்

சங்க இலக்கியத்திற் கள் பயின்றுவரும் இடங்களைத் தமிழறிஞர் பெரும்பாலும் இரு வகையாக நோக்கி வந்துள்ளனர். ஒரு சாரார் அவ்விடங்களைக் கண்டு கூச்சமுற்றனர். கள்ளுண்ணாமையை வலியுறுத்திய திருக்குறள் பிறந்த மொழியில், புலவரும் புரவலரும் ஒருங்கிருந்து கள்ளுண்டு களித்த செய்தி அவர்களுக்கு இடர்ப்பாடாகத் தோன்றியது. மற்றொரு சாரார் அதனையே பழந்தமிழரின் கட்டற்ற வாழ்வுக்குச் சான்றாக எடுத்துக்காட்டிப் பெருமிதங் கொண்டனர். பேராசிரியர் க. கைலாசபதி ஆங்கிலத்தில் எழுதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூல், பாணரையும் புரவலரையும் கிரேக்க வீரயுகத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, இவ்விரு நிலைகளுக்கும் அப்பாற் செல்லும் வழியைத் திறந்தது. எனினும், செய்யுளுக்குள்ளே கள் ஆற்றும் தொழில் யாது என்னும் வினா முழுமையாக விடைபெற்றதாகக் கூறவியலாது. யார் வார்க்கிறார், யாருக்கு வார்க்கிறார், எவ்வளவு வார்க்கிறார், எக்கலத்தில் வார்க்கிறார் என்னும் சிறு வினாக்களே அப்பெரு வினாவுக்கு வாயிலாகும்.

இவ்வினாக்களை எழுப்புதற்கு இலங்கையின் புத்தள மாவட்டக் கரையோரம் பொருத்தமானதொரு நிலைக்களம். வடக்கே கற்பிட்டித் தீபகற்பத்திற் பனையும், தெற்கே சிலாபம், மாரவில, வென்னப்புவ வரையிற் பரந்த தோப்புகளில் தென்னையும் நிற்கின்றன. தெங்கு ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள லுணுவில இம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. குருநாகல், கம்பகா மாவட்டங்களோடு சேர்த்துத் 'தெங்கு முக்கோணம்' எனப்படும் நிலப்பகுதியின் கடல் முகம் இது. சிங்களத்தில் 'ரா' எனவும் தமிழிற் 'கள்' எனவும் வழங்கும் பானம் இக்கரையின் சொந்த மது. திராட்சை விளையும் நாடுகளில் ஒவ்வோர் ஊரும் தன் மதுவைத் தன் மண்ணின் பெயரால் அழைத்துப் போற்றுவதைப் படித்தறிந்த நம் கற்றோர், தம் கரையின் மதுவை அக்கண்கொண்டு நோக்கியதில்லை.

அம்மதுவின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். விரியாத தென்னம்பாளையைக் கட்டி, நாள்தோறும் பொல்லினால் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, அதன் நுனியைக் காலையும் மாலையும் பாளைக்கத்தியாற் சீவினால் இனிய நீர் சொட்டும். நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து பங்கு சர்க்கரை கொண்ட அந்நீர் முட்டியில் விழும்போதே காற்றிலும் கலத்திலும் உள்ள நொதிகள் அதனைப் பற்றிக்கொள்கின்றன. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைப்படும்; அதுவே யாழ்ப்பாணத்தார் கருப்பநீர் என்பதும் தமிழகத்தார் பதநீர் என்பதும் ஆகும். பூசாவிடின் சில மணி நேரத்திற் கள், மறுநாளிற் புளிப்பு, அதன்பின் காடி. அதாவது, மரத்திலிருந்து இறக்கிய கள்ளுக்கு ஆயுள் ஒரு பகற்பொழுதே. அதனைப் பூட்டிவைக்க முடியாது; தொலைநாட்டுக்கு ஏற்ற முடியாது; விருந்தினன் வரும்வரை சேமிக்க முடியாது. இன்று கிடைத்ததை இன்று இருப்பவரோடு பகிர்ந்துகொள்வதே அதன் இயற்கை விதித்த முறைமை.

சங்கச் செய்யுள் கூறும் கள்ளெல்லாம் பனை, தென்னை ஆகியவற்றின் கள்ளே என்று கொள்ளுதல் பிழையாகும். நறவு, தேறல், அரியல், பிழி, தோப்பி, மட்டு எனப் பல பெயர்கள் பயில்கின்றன. நெல்லினின்றும் தேனினின்றும் ஆக்கியவையும் அவற்றுள் அடங்கும். ஆக்கும் முறையை விரித்துரைக்கும் அரிய இடமொன்று பெரும்பாணாற்றுப்படையில் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதனை வலைஞர் குடியிருப்பில் வைத்துள்ளமை கருதத்தக்கது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி ஆற்றி, முளைநெல்லின் மாவைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுத்த மதுவைச் சுட்ட மீனோடு பெறுவீர் எனப் பாணனுக்குக் கூறப்படுகிறது. கரைவலை இழுக்கும் உடப்பு, முந்தல் முதலிய ஊர்களை அறிந்தவர்க்கு இக்காட்சி அயலானதன்று. வழிப்போக்கனான பாணனுக்கு மீனவன் இல்லத்தில் மீனும் மதுவும் கேளாமலே கிடைக்கும் என்பதே செய்யுளின் கூற்று. அரண்மனைக்குச் செல்லும் வழியிலேயே, அரசன் அல்லாதவனின் இல்லத்திலேயே, பகிர்தல் தொடங்கிவிடுகிறது.

இப்பகிர்தலின் உச்சம் புறநானூற்று 235ஆம் பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்துபட்டபின் ஔவையார் பாடிய கையறுநிலை அது. சிறிதளவு கள் கிடைத்தால் அதனை எமக்கே தந்துவிடுவான். பெருமளவு கிடைத்தால் யாம் பாட, எஞ்சியதைத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று தொடங்குகிறது அப்பாட்டு. இரங்கற் பாவொன்று தலைவனின் வெற்றியைக் கூறித் தொடங்காமல், கள்ளின் அளவைக் கூறித் தொடங்குவது வியப்பிற்குரியது. ஆயின் ஔவையார் அளந்தது கள்ளையன்று, நட்பையே அளந்தார். மிகுதியிற் பகிர்வது எவர்க்கும் எளிது. குறைவில் தன்னை விலக்கிக்கொள்பவனே நண்பன். அவ்வளவைக்கு அன்றன்று தீர்ந்துபோகும் பொருளைவிடச் சிறந்த கோல் வேறில்லை. நாடும் பொன்னும் கொடுத்ததை உலகம் அறியும். சிறிது கள்ளை முழுதும் கொடுத்ததை உடனிருந்தவரே அறிவர்.

கள்ளின்பின் சோறு வருகிறது. சிறு சோறாயினும் பெருஞ் சோறாயினும் பல கலங்களிற் பரந்தது என்கிறார் புலவர். அதன்பின் ஊன், எலும்போடு கூடிய தசை கிடைக்கும் இடமெல்லாம் எமக்கு, அம்பும் வேலும் நுழையும் இடமெல்லாம் அவனுக்கு எனப் பகிர்வு தலைகீழாகிறது. இன்பத்தைப் பிறர்க்கும் இடரைத் தனக்கும் வகுத்துக்கொண்டவன் அவன். ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் வரும் 'மன்' என்னும் இடைச்சொல், தொல்காப்பியம் கூறும் கழிவுப் பொருளைத் தந்து, 'அது கழிந்தது' என இடித்துக்கொண்டே இருக்கிறது. கள்ளிற் தொடங்கிய பாட்டு கள்ளோடு நின்றுவிடாமை இங்கு முதன்மையானது. புத்தளம், கற்பிட்டி ஆகிய ஊர்களில் மது விலக்கை மார்க்கமாகக் கொண்ட முஸ்லிம்கள் பெருந்தொகையினர். அவ்வூர்களில் நண்பர் குழுவொன்றிற் கள் உண்ணாதவன் ஒருவன் இருத்தல் இயல்பு. ஔவையார் அமைத்த பந்தியில் அவனுக்கும் இடமுண்டு. ஏனெனில் அப்பந்தியின் பொருள் பகிர்வேயன்றிப் போதை அன்று.

தொல்காப்பியமும் இதற்கு அரண் செய்கிறது. வெட்சித் திணையின் துறைகளை நிரல்படக் கூறுமிடத்துப் பாதீடு, உண்டாட்டு, கொடை என மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. கவர்ந்த ஆநிரையைப் பங்கிடுதல், கள்ளுண்டு ஆடுதல், இரவலர்க்கு ஈதல் என்பன அவற்றின் பொருள். உண்டாட்டு, பங்கீட்டுக்கும் ஈகைக்கும் இடையே நிற்கிறது. பங்கிடாதவனுக்கு உண்டாட்டு இல்லை. உண்டாட்டு ஈகையில் முடியாவிடின் அது நிறைவதில்லை. பண்டைய இலக்கணம் மதுவிருந்துக்கு வகுத்த இடம் இதுவே.

பகிர்விலும் ஏற்றத்தாழ்வு புகக்கூடும் என்பதைப் புறநானூற்று 298ஆம் பாட்டு உணர்த்துகிறது. வேந்தன் வீரர்க்குக் கலங்கலைத் தந்து, தான் தெளிந்த தேறலை உண்பான் என்கிறது அது. முதல் நோக்கில் இது முறையீடாகவே தோன்றும்: மண்டி எங்களுக்கு, தெளிவு அவனுக்கு. கலங்கலே களிப்பு மிக்கது ஆதலின், சிறந்ததை வீரர்க்குத் தந்து மெல்லியதைத் தான் கொண்டான் எனப் பொருள் உரைப்பாரும் உளர். பாட்டின் பிற்பகுதி இரண்டாம் பொருளுக்கே துணை நிற்கிறது. அத்தகையவன் இன்று பகைவர் மதிலை முற்றியபோது 'நீ முந்திச் செல்' என்று ஏவவில்லையே என்பதுதான் வீரனின் குறை. ஒரே கூற்று முறையீடாகவும் பாராட்டாகவும் நிற்கக் காரணம், கள்ளின் தரத்தைக் காட்டிலும் கொடுப்பவனின் உள்ளமே பொருளை நிறுவுகிறது என்பதாகும்.

சேமிக்கவல்ல மதுவும் சங்கப் புலவர் அறிந்ததே. வளைந்த மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேறலை உண்டு, வேங்கை மரம் நிற்கும் முன்றிலிற் குறவர் குரவையாடும் காட்சியை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்று 129ஆம் பாட்டிற் காட்டுகிறார். நாட்பட்ட மது அங்கே ஊர்ப்பொதுவாகவே உள்ளது. எனவே, முதிர்ந்த மதுவெல்லாம் தனியுடைமைக்கு உரியது எனத் துணிதல் ஆகாது. ஆயின், அது பொற்கலத்தை அடையும்போது நிலை மாறுகிறது. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய 392ஆம் பாட்டில், தேள் கொட்டினாற்போற் கடுக்கும் நாட்பட்ட தேறல் பொற்கலத்தில் வழங்கப்படுகிறது. கந்தல் களையப்பட்டு நுண்ணிய ஆடை உடுத்தப்படுகிறது. வள்ளன்மை பெரிதே. எனினும் இங்கே கொடை மேலிருந்து கீழ்நோக்கி இறங்குகிறது. தந்தையைப் பாடிய பாட்டிற் கள்ளுக்குக் கலமே கூறப்படவில்லை. அங்கே வரும் முதன்மையான கலம், அவன் மார்பைத் துளைத்த வேலாற் தானும் துளையுண்ட பாணரின் மண்டை. உண்கலம் ஓட்டையானது என்றதனால், கொடுத்தவன் மறைந்தபின் கொள்வோர்க்கும் வாழ்வில்லை என்பது பெறப்பட்டது.

கலத்தின் பெருமை மிகுந்து கேண்மை மறைந்த இடமொன்றும் உண்டு. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய 56ஆம் பாட்டு அது. இரவலர்க்கு அரிய அணிகலன்களைக் குறையாது ஈந்து, யவனர் நல்ல கலத்திற் கொணர்ந்த குளிர்ந்து மணக்கும் மதுவை ஒளிவளை மகளிர் பொற்கலத்தில் ஊட்ட மகிழ்ந்து வாழ்க என்று அரசன் வாழ்த்தப்படுகிறான். கலம் என்னும் சொல் அச்சிறு பகுதியில் மும்முறை வருகிறது: இரவலர் பெறும் கலம் அணிகலம், யவனரின் கலம் சாடியெனவும் மரக்கலமெனவும் பொருள்பட நிற்பது, அரசனின் கலம் பொற்கிண்ணம். மூன்றும் மூவரிடம் பிரிந்து நிற்கின்றன. இரவலன் அணிகலத்தோடு வாயிலிலேயே நின்றுவிடுகிறான்; மதுவோ உள்ளே செல்கிறது. ஈதலும் உண்ணலும் இங்கே இரு வேறு செயல்களாகிவிட்டன. அதியமானின் முற்றத்தில் அவை ஒரே செயலாக இருந்தன.

இவ்வேறுபாட்டுக்குப் பொருளியற் காரணம் உண்டு. முசிறிக்கு இறக்குமதியாகும் பொருள்களுள் மதுவைச் சிறிதளவே குறிப்பிடுகிறது செங்கடல் வழிச் செலவு பற்றிய கிரேக்க நூல். அரிக்கமேட்டில் 1945இல் மோட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில், மத்தியதரைக் கடற்கரை நாடுகளிலிருந்து வந்த இருபிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. கடல் கடந்து வருவது, அளவிற் குறைந்தது, நெடுநாள் கெடாதது என்னும் மூன்று இயல்புகளும் சேர்ந்து யவன மதுவை அரசனின் அடையாளப் பொருளாக்கின. இன்றும் அரிய போத்தலொன்றைப் பல்லாண்டு காத்துவைத்து, தேர்ந்தெடுத்த சிலர் முன்னிலையிற் திறக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அதிலும் நட்பு இருத்தல் கூடும். ஆனால் அங்கே அழைக்கப்படுபவர் யாவர் என்பதைப் போத்தலின் விலை ஓரளவு தீர்மானிக்கிறது. கள்ளின் முன் அழைப்புக்கு நேரமே இல்லை.

புத்தளக் கரையில் அப்பிரிவினையை நிகழ்த்தியது வடிசாலை. கள்ளைக் காய்ச்சி வடித்துச் சாராயமாக்கி, ஹல்மில்லை மர மிடாக்களில் முதிரவைத்ததும், ஒருநாட் பொருள் பல்லாண்டுப் பொருளாயிற்று. சேமிக்கத்தக்கதாயிற்று, ஆகவே ஏற்றத்தக்கதும் வரி விதிக்கத்தக்கதும் ஆயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியிற் சாராயக் குத்தகை அரசுக்குப் பெருவருவாயும், குத்தகையாளர் சிலருக்குப் பெருஞ்செல்வமும் ஈட்டித்தந்தது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தை ஒட்டிப் பெருகிய தவறணைகளுக்கு எதிராக மதுவிலக்கு இயக்கம் நாடெங்கும் கிளர்ந்தெழுந்தது. தமிழகத்திற் சேலம் மாவட்டத்தில் 1937இல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இவ்வியக்கங்கள் எழுந்தமை நியாயமே. கூலிப்பணம் அடுப்புக்குச் செல்லாமற் தவறணைக்குச் சென்றமையாற் பட்டினி கிடந்த பெண்டிரையும் பிள்ளைகளையும் மறந்து உண்டாட்டைப் பாராட்டுவது அறமன்று. ஆயின் தவறணை, அதியமானின் முற்றத்தின் வழித்தோன்றலன்று. அங்கே பாதீடுமில்லை, கொடையுமில்லை, இடைநின்ற உண்டாட்டு மட்டுமே காசுக்கு விற்கப்பட்டது.

சங்கச் செய்யுளைக் கண்டு கற்றோர் கூச்சமுற்றமைக்குக் காரணமும் இங்கேதான் உள்ளது. அவர்கள் தவறணையைக் கண்டபின் புறநானூற்றைப் படித்தவர்கள். கற்பிட்டியில் 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டி இவ்வரலாற்றில் நினைக்கத்தக்கவர். 1834இல் இலங்கை இடவிளக்க நூலையும், 1859இற் தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட அவர், 1860இல் மறைந்தார். புறநானூறு உ. வே. சாமிநாதையரால் அச்சேறியது 1894இல். ஆகவே, பனையும் தென்னையும் சூழ்ந்த கரையில் வாழ்ந்த அப்பேரறிஞரின் காலத்துக் கற்றோர்க்கு ஔவை என்றால் ஆத்திசூடி அருளிய மூதாட்டியே. கள்ளின் அளவால் நட்பை அளந்த ஔவை ஏட்டுச்சுவடியிற் துயின்றுகொண்டிருந்தாள். நீதி கூறும் ஔவை ஊன்றிய பின்னர் வந்த பாணரின் ஔவையை இலக்கிய உலகம் தயங்கித் தயங்கியே ஏற்றது. பெயர் ஒன்றாயினும் காலம் வேறு, புலவரும் வேறு என்னும் தெளிவு ஏற்பட்ட பின்னரும் அத்தயக்கம் முற்றிலும் நீங்கவில்லை.

வள்ளுவரோடும் இதற்கு முரண் இல்லை. கள்ளுண்ணாமை அதிகாரம் கண்டிப்பது, பெற்ற தாயின் முன்னிலையிலும் நாண் இழக்கும் களிமகனை. அவனுக்குத் தன்னையும் தெரியாது, பிறரையும் தெரியாது. அதியமானின் சிறப்போ, கள் முன்னிருக்கும்போதும் பிறரை மறவாமை. ஒருவர் கண்டித்ததும் மற்றவர் போற்றியதும் ஒரே அளவுகோலின் இரு முனைகள்.

எனினும் சங்கச் செய்யுளின் உண்டாட்டில் ஒரு வெற்றிடம் உண்டு. கொடுத்தவனின் பெயர் உண்டு. பெற்றவனின் பெயர் உண்டு. கள்ளை ஆக்கியவனின் பெயர் இல்லை. பெரும்பாணாற்றுப்படையிற்கூட ஆக்கும் முறை விரிகிறதேயன்றி, அலைத்துப் பிழிந்த விரல்களுக்கு உரியவர் தோன்றவில்லை. புத்தளக் கரையில் அவ்வெற்றிடத்தைக் காணாதிருத்தல் இயலாது. கரைவலை இழுப்போர்க்கு அம்பாப் பாட்டு உண்டு. பலர் கூடி இழுப்பதனாற் பாட்டும் கூட்டாகப் பிறக்கிறது. சீவல் தொழிலாளியோ வட்டுக்குள்ளே தனியன். மேற்குக் கரைத் தென்னந்தோப்புகளில் மரத்துக்கு மரம் கட்டிய தும்புக் கயிற்றில் நடந்து, கால் தவறினால் உயிர் தவறும் உயரத்திற் பாளை தட்டுகிறான். அம்பும் வேலும் நுழையும் இடம் தனக்கு, ஊன் கிடைக்கும் இடம் பிறர்க்கு என்னும் அதியமானின் பங்கீடு இவனுக்கு விருப்பத்தால் அமைந்ததன்று. வறுமை வகுத்துத் தந்தது.

வறுமையோடு சாதியும் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில், சீவல் தொழிலாளியின் முட்டியிலிருந்து பிளாவிற் கள் வாங்கி உண்டவர்களே அவன் தம் கிணற்றைத் தொடலாகாது என விதித்தனர். ஆலயக் கதவையும் அடைத்தனர். அக்கொடுமையையும் அதற்கெதிரான போராட்டத்தையும் பொருளாகக் கொண்டு கே. டானியல் 1972இல் வெளியிட்ட 'பஞ்சமர்' நாவல், சங்கச் செய்யுளின் வெற்றிடத்துக்கு ஈராயிரம் ஆண்டுகளின் பின் கிடைத்த மறுமொழிகளுள் ஒன்று எனலாம். கள்ளை வாங்குகையிற் தீட்டில்லை, நீரைக் கொடுக்கையிற் தீட்டு என்னும் நெறி, ஔவையாரின் அளவுகோலால் அளக்கப்படின் என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அதே ஆண்டிலிருந்து வடக்கிற் தோன்றிய பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும், 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் தொழிலாளியின் வருவாயை ஓரளவு உறுதிப்படுத்த முயன்றன. இன்று பனங்கள் பதப்படுத்தப்பட்டுப் போத்தலில் அடைக்கப்பெற்று, கடல் கடந்த தமிழரின் மேசைக்குச் செல்கிறது. யவனர் கலம் வந்த திசையில் நம் கலம் செல்கிறது. அப்போத்தலில் ஊரின் பெயர் உண்டு. இறக்கியவனின் பெயரோ இன்னும் இல்லை.

புத்தளத்திற்கு வடக்கே பொம்பரிப்பில், ஆதிச்சநல்லூரின் தாழிகளை ஒத்த ஈமத்தாழிகள் கண்டெடுக்கப்பட்டன. 1956–57இலும் 1970இலும் அங்கே அகழ்வுகள் நடைபெற்றன. இறந்தோரின் எலும்புகளோடு சிறு மட்கலங்களும் வைக்கப்பட்டிருந்தன. அவற்றின்மேற் தகடூர்ப் பாட்டொன்றை அப்படியே பொருத்துதல் ஆய்வு நெறியன்று. ஆயினும், வாழ்வோர் இறந்தோர்க்குச் சிறு கலம் வைத்த மண்ணில் நின்று புறநானூற்று 232ஆம் பாட்டைப் படித்தல் தகும். அதியமானின் நடுகல்லுக்குப் பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் ஊற்றுகின்றனர். மலைநாடு முழுவதையும் கொடுத்தாலும் கொள்ளாதவன், இதனைக் கொள்வானோ என்று ஔவையார் வினவுகிறார். மகனின் பொற்கலத்தையும், பாணரின் ஓட்டை மண்டையையும் பாடிய அதே பெயருடையார் பாடிய மூன்றாவது கலம் இது. முன்பு சிறிது கள் கிடைத்தபோது தனக்கின்றி எமக்குத் தந்தவனுக்கு, இன்று அச்சிறு கள் முழுவதும் தரப்படுகிறது. அதைப் பகிர்ந்துகொள்ள அவன் இல்லை. தனியே உண்ண அறியாதவனுக்குத் தனியே வார்த்த கள் என்பதே அப்பாட்டின் அவலம்.

சங்கச் செய்யுளின் கள்ளைத் திறனாய்வு செய்வோர்க்கு இதுவே அளவுகோலாதல் தகும். வெட்கமோ பெருமிதமோ அன்று, பங்கீடே நோக்கற்பாலது. அப்பங்கீட்டில் வட்டுக்குள்ளிருந்து இறங்கி வருபவனின் கலத்திலும் வார்க்கப்படும் நாளிலேதான் பாதீடு, உண்டாட்டு, கொடை என்னும் நிரல் முறைப்படி நிறைவுறும்.